விவாகரத்து முடியும்வரை வீட்டுத் தவணை: பாதிப் பாதியா, குடியிருப்பவரே கட்டுவதா?

சென்னையில் கூட்டுக் கடனில் வாங்கிய ஃபிளாட். பரஸ்பர சம்மத மனு போட்டாயிற்று. வீடு மனைவிக்கு, கணவரின் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுவார் என்பதுவரை பேச்சு முடிந்துவிட்டது. ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டாலும், பணம் புரட்டி வங்கி வேலையை முடிக்க ஒரு வருடம் ஓடிவிடலாம். அதுவரை தவணையை யார் கட்டுவது?

பெரியவர்கள் பேசி முடிக்கும்போது “ஆளுக்குப் பாதி” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடன் பாக்கி 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 20 வருடம் என்றால் தவணை சுமார் 34,700 ரூபாய். முதல் மாதம் அதில் 28,300 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,400தான். வருடம் முழுக்கப் பாதி கட்டும் கணவருக்குச் செலவு 2.08 லட்சம். கடன் குறைவதோ ஏறக்குறைய 80,000; அவர் பங்கில் சேர்வது 40,000. மற்றதெல்லாம் தான் குடியிருக்காத வீட்டுக்குக் கட்டிய வட்டி. இதற்கு மேல் வெளியே வாடகை வேறு.

வட்டியைக் குடியிருப்பவர் கட்டட்டும், அசலை மட்டும் பிரிக்கலாம் என்பது கணக்கில் சரியான வழி. ஆனால் மாதாமாதம் மாறும் தொகையை, முகம் கொடுத்துப் பேசாத இருவர் ஸ்டேட்மென்ட் வைத்து ஒப்பிட வேண்டும். நடக்கிற காரியமா?

என் ஓட்டு, குடியிருப்பவரே முழுத் தவணையும் கட்டுவதற்கு. ஒரு தேதியைக் குறித்து, அன்றைய மதிப்பு 80 லட்சம், பாக்கி 40 லட்சம், ஆகவே கணவரின் பங்கு 20 லட்சம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். அதற்குப் பின் கழியும் அசல் மனைவிக்கு. ஒரு வருடம் தாண்டினால் மறுமதிப்பீடு என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது, இல்லாவிட்டால் இழுத்தடிப்பவருக்கு லாபம்.

இதிலும் ஓட்டை உண்டு. உங்கள் ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒரு தவணை தவறினால் இருவர் சிபில் மதிப்பெண்ணும் (கடன் நாணய மதிப்பீடு) அடிபடும். அதனால் வெளியேறியவர் கடன் கணக்கின் லாகினையும் எஸ்எம்எஸ்ஸையும் விட்டுவிடக் கூடாது. அவர் கட்ட நேர்ந்த தவணை 20 லட்சத்தோடு சேரும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

மனைவிக்குச் சம்பளம் குறைவு, பிள்ளைகளும் அவரிடம் என்றால் கணவர் பாதியோ முழுதுமோ கட்டுவதுதான் முறை. ஆனால் அதை இடைக்கால ஜீவனாம்சத்தின் பகுதி என்றே பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் பின்னால் அதற்கும் ஒரு வழக்கு.

கூட்டுக் கடனை அடைக்க மனைவி ஒருவர் வருமானத்துக்கு வங்கி புதுக் கடன் தராது என்றால் விற்றுப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அதை முதல் வாரமே விசாரித்துவிடலாம். எந்த வழியானாலும், பழைய கடன் மாறும் வட்டிக் கடன் என்றால் அதை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

கணவர் தன் பங்கை மனைவிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே பதிவது மேல். குடும்பத்தினருக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 என்பது 2023 ஜூலை முதல் தமிழகத்தில் உள்ள கணக்கு. தீர்ப்புக்குப் பின் ‘குடும்பம்’ என்பதையே சார்பதிவாளர் கேள்வி கேட்கலாம். ஆனால் மனைவி பெயரில் மட்டும் புதுக் கடனுக்கான அனுமதிக் கடிதமும், 20 லட்சத்துக்கு டிமாண்ட் டிராஃப்டும் கண்ணில் படாமல் கணவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் வீடு கைவிட்டுப் போகும், கடன் மட்டும் அவர் பெயரில் நிற்கும்.