வார்டில படிக்க வாற பிள்ளை அழுதா என்ன செய்யிறது? மூண்டு ட்ரெய்னிங், என்ர ஓட்டு எதுக்கு

கொழும்பில ஒரு பெரிய ஆசுபத்திரி வார்டில மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸுக்குப் படிப்பிக்கிறன். பிள்ளை அழுதா "சரி சரி, போய் முகத்தைக் கழுவிட்டு வாங்கோ" எண்டு அனுப்புறதுதான் எங்கட வழக்கம். கெட்ட மனசு இல்லை, வேற என்ன சொல்லுறதெண்டு எங்களுக்கு ஆரும் பழக்கேல்ல. இப்ப படிப்பிக்கிற ஆக்களுக்கு ட்ரெய்னிங் வைப்பம் எண்டு கதை வருது, எந்த ட்ரெய்னிங் எண்டதிலதான் இழுபறி. நான் மூண்டு மாதிரியிலயும் போய் இருந்திட்டன்.

முதல் ஒரு நாள் லெக்சர். செலவு குறைவு, ஒரு ஹோலுக்க அறுபது பேரை இருத்தலாம், மத்தியானம் சோத்துப் பார்சலும் கிடைக்கும். என்ன அறிகுறி பாக்கோணும் எண்டு நல்லாச் சொல்லுவினம்: நித்திரை இல்லாமல் வாறது, பிந்தி வாறது, முந்தி கலகலப்பாக் கதைச்ச பிள்ளை பெட் பக்கத்தில வாயே திறக்காமல் நிக்கிறது. ஆனா அடுத்த நாள் விடிய ஒரு பிள்ளை படிக்கட்டில இருந்து அழேக்க அந்த ஸ்லைட் ஒண்டும் வாய்க்கு வராது.

ரெண்டாவது மென்டல் ஹெல்த் ஃபெர்ஸ்ட் எய்ட், அதாவது மனநல முதலுதவி, 2000இல அவுஸ்திரேலியாவில பெட்டி கிச்சனரும் டோனி ஜோர்மும் தொடங்கினது. ஸ்டாண்டர்ட் கோர்ஸ் 12 மணித்தியாலம். இதில எனக்குப் பிடிச்சது, "சாகோணும் போல இருக்கா" எண்டு நேராவே கேக்கப் பழக்குறது. கேட்டா யோசினையை நாங்களே குடுத்த மாதிரி ஆயிடும் எண்டு எங்கட ஆக்கள் பயப்பிடுவினம், அப்பிடி இல்லை, கேட்டாத்தான் பிள்ளைக்கு மூச்சு விடக் கிடைக்கும். பிரச்சினை நேரம்தான், ஒன்-கோல் டியூட்டி பாத்திட்டு வாற ரெஜிஸ்ட்ராருக்கு, அதுதான் ஸ்பெஷலிஸ்டாகப் பயிற்சி எடுக்கிற டொக்டருக்கு, 12 மணித்தியாலம் எங்க கிடக்கு? அப்ப உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூ.எச்.ஓ) 2011இல விட்ட சைக்கொலொஜிகல் ஃபெர்ஸ்ட் எய்ட், அதாவது உளவியல் முதலுதவிக் கையேடு, போதுமே எண்டு சிலர் சொல்லுவினம். பார், கேள், இணை எண்டு மூண்டே சொல், மறக்காது. ஆனா அது வெள்ளம், சுனாமி மாதிரி நேரத்துக்கெண்டு எழுதினது, ஆறு மாசமா உள்ளுக்க உடைஞ்சு கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது மட்டும் காணாது.

மூண்டாவது ரோல் பிளே. ஆறு பேர், ஒரு ஆள் பெயிலாப்போன ஸ்டூடன்டா நடிப்பார். பெரிய சேர்மாருக்குச் சரியான வெக்கம். நானும் மாட்டினன், மூச்சு விடாமல் புத்திமதி சொல்லி முடிச்சாப் பிறகு நடிச்ச பிள்ளை சொல்லுது, "சேர், நான் ரெண்டு வசனம்தான் கதைச்சனான்." எந்த லெக்சரும் எனக்கு அப்பிடி உறைக்கேல்ல. பாஷை விசயமும் இதிலதான் வெளிக்கும். வவுனியாவில இருந்து வந்த பிள்ளை இங்கிலிஷில படிக்குது, நோயாளியோட சிங்களத்தில கதைக்குது, அழுகை வரேக்க தமிழ்தான் வரும். "ஆர் யூ ஓகே" எண்டா "ஓகே சேர்" எண்டுதான் மறுமொழி. "என்ன நடந்தது, சொல்லுறீங்களா, இல்லாட்டி கொஞ்ச நேரம் சும்மா இருப்பமா" எண்டு வாயால சொல்லிப் பழகோணும், சிங்களத்திலயும்தான்.

மூண்டிலயும் தொடாத ஒரு சங்கதி இருக்கு. நாளைக்கு ஷோர்ட் கேஸுக்கு, அதுதான் நோயாளியைச் சோதிச்சுக் காட்டுற பரீட்சைக்கு, மார்க்ஸ் போடப்போறதும் நான்தான், பிறகு எப்பிடி என்னட்ட மனம் திறப்பினம்? அதால முதல் வசனமே "இது மார்க்ஸுக்குப் போகாது" எண்டு இருக்கோணும், நானே எக்சாமினர் எண்டா இன்னொரு ஆளிட்ட ஒப்படைக்கோணும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" எண்டு மட்டும் வாக்குக் குடுக்கப்படாது, உயிருக்கு ஆபத்தெண்டா சொல்லத்தான் வேணும்.

என்ர ஓட்டு ரோல் பிளேக்கு, மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அரை நாள், யூனிட்டுக்கு ரெண்டு பேரை மட்டும் அந்த 12 மணித்தியாலக் கோர்ஸுக்கு அனுப்பலாம். லெக்சரை வீடியோவா வாட்ஸப்பில போட்டா காணும். கோட் பொக்கெட்டில ஒரு சின்னக் காட்: தேசிய மனநல நிறுவனத்தின்ர போன் நம்பர் 1926, ஹோர்ட்டன் பிளேஸில இருக்கிற சுமித்ரயோ, மனசு உடைஞ்ச ஆக்களின்ர கதையைக் கேக்கிற அமைப்பு. சுமித்ரயோவுக்கு வார்டில இருந்து நடந்தே போகலாம், முதல் தரம் நானும் கூடப் போவன்.