பழைய டிரக்குக்கு குரூஸ் கன்ட்ரோல் போட்டு பல்பு வாங்கின கதை

நம்ம டிரக்கு கார்புரேட்டர் காலத்து வண்டி, கை கியர், குரூஸ் கன்ட்ரோல்லாம் (ஆக்சிலேட்டர மிதிக்காமலே செட் பண்ண வேகத்துல வண்டிய ஓட வைக்கிற சாமான்) கம்பெனியிலயே வராத மாடல். ஓடுறதுல ஒரு குறையும் இல்ல, ஆனா நேர் ரோட்டுல மூணு மணி நேரம் ஒரே மாதிரி ஆக்சிலேட்டர அமுக்கிட்டே போயி இறங்குனா வலது கணுக்கால் மரத்துப்போயி கொஞ்ச நேரம் நொண்டி நொண்டிதான் நடக்கணும். அதான் தனியா விக்கிற கிட் ஒண்ணு வாங்கி நானே மாட்டினேன். எட்டு மாசம் ஓட்டிட்டு இப்ப எழுதுறேன். சாமான் தங்கம், கூட வர்ற மானுவல் குப்பை.

கிட்டுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு இன்ஜினோட வாக்யூம (காத்த உறிஞ்சுற இழுவைய) வச்சு த்ராட்டில, அதாவது ஆக்சிலேட்டர் அமுக்குனா தொறக்கிற காத்து மூடிய, இழுக்கும், இன்னொண்ணு குட்டி மோட்டார் வச்சு இழுக்கும். வாக்யூம் வகையில என்ன சிக்கல்னா நீளமான ஏத்தத்துல த்ராட்டில் நல்லா தொறந்திருக்கும்போது மேனிஃபோல்டுல, அதான் இன்ஜினுக்கு காத்து போற குழாய்ல, வாக்யூம் விழுந்துரும், அதாவது எப்ப இழுக்கணுமோ அப்பதான் அதுக்கு தெம்பு இருக்காது. டீசல் வண்டியில அந்த வாக்யூமே கெடையாது, தனி பம்பு இருந்தாத்தான் உண்டு. அதனால யோசிக்காம மோட்டார் வகையே எடுத்தேன்.

வேகத்த அது எப்படி தெரிஞ்சிக்கும்னு கேட்டா, கொஞ்சம் புது வண்டியில ஸ்பீட் சென்சார் வயர் இருக்கும், அதுல ஒரு வயர் ஒட்டினா போதும். நம்ம வண்டியில ஸ்பீடோமீட்டருக்கே கேபிள்தான், அதனால ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ல (கியர்பாக்ஸ்ல இருந்து பின் சக்கரத்துக்கு சுத்த கொண்டு போற தண்டு) ரெண்டு காந்தம் கட்டி பக்கத்துல ஒரு காயில் மாட்டணும், காந்தம் கடக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பல்ஸ் வரும். ஒரு மைலுக்கு எத்தன பல்ஸ் வருதுன்னு பாத்து மாட்யூல்ல, அதான் கிட்டோட கன்ட்ரோல் பெட்டியில, இருக்கிற குட்டி ஸ்விட்சுங்கள செட் பண்ணணும். நான் டயர்லயும் ஷாஃப்ட்லயும் சாக்பீஸ் கோடு போட்டு வண்டிய கையால தள்ளி எண்ணினேன், சக்கரம் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் மூணே முக்கால் சுத்து, கணக்கு போட்டா சுமாரா 5500 வந்துச்சு, அதுக்கு கிட்ட இருக்கிற செட்டிங்க வச்சேன். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு சக்கரத்த சுத்தி எண்ணிராதீங்க, டிஃபரென்ஷியல் (ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) வேலையால பாதிதான் காட்டும்.

அடுத்து த்ராட்டில் செயின். குட்டி குட்டி மணி கோத்த செயின் அது, மோட்டார் கேபிளையும் த்ராட்டிலையும் இணைக்கும். இறுக்கமா கட்டுனா ஐடில் எறங்கவே எறங்காது, லூசா விட்டா செட் பண்ணதும் வேகம் கொஞ்சம் விழுந்து அப்புறம் குபுக்குன்னு பாயும். நான் மூணு தடவ கழட்டி மாட்டி கடைசில ஒரு மணி அளவு தொங்கல் விட்டப்பதான் ஒழுங்கா வந்துச்சு. மானுவல்ல இதுக்கு ஒரே ஒரு வரி, "தேவையான அளவு தளர்வு விடவும்". யாருக்கு தேவையான அளவு சாமி?

இப்ப பல்பு கதை. எல்லாம் மாட்டி ரோட்டுக்கு போனா செட் பட்டன அமுக்குறேன், அமுக்குறேன், கல்லு மாதிரி கெடக்கு. ஞாயித்துக்கிழம பூரா வண்டிக்கு அடியில படுத்து ஒவ்வொரு வயரா மீட்டர் வச்சு பாத்தேன், எல்லாம் சரி. சாயங்காலம் மச்சான் வந்து சும்மா கேட்டாரு, பின்னாடி பிரேக் லைட்டு ஏன் மாப்ள இவ்ளோ பளிச்சுன்னு எரியுதுன்னு. அப்பதான் மண்டையில ஒறச்சது, போன வருஷம் பிரேக் லைட்ட நானே எல்இடியா மாத்தியிருந்தேன். பிரேக் மிதிச்சத மாட்யூல் தெரிஞ்சிக்கிறது பிரேக் லைட் வயர் வழியாத்தான். பிரேக் மிதிக்காதப்ப அந்த வயர் பல்போட இழை வழியா எர்த்துக்கு போகுதான்னு மாட்யூல் பாக்கும், எல்இடியில அந்த வழி கெடைக்காது, உடனே வயர் அறுந்திருக்குன்னு நெனச்சு செட் ஆகவே ஆகாது. பழைய இழை பல்ப ரெண்டு பக்கமும் திருப்பி மாட்டினேன், அடுத்த ரவுண்டுலயே பிடிச்சிருச்சு. பணம் குடுத்து பல்பு வாங்கி, அதாலயே பல்பும் வாங்கியாச்சு.

ரிலே (கரன்ட்டால வேல செய்ற ஸ்விட்ச்) போட்டா எல்இடியவே வச்சுக்கலாம்தான். ஆனா நான் போடல. இழை பல்பு ரெண்டும் போனாலோ வயர் அறுந்தாலோ குரூஸ் வேல செய்யாது, அவ்வளவுதான். ரிலேக்கு வர்ற வயர் அறுந்தா பிரேக் மிதிச்சது மாட்யூலுக்கு தெரியாமலே போக வாய்ப்பிருக்கு. எனக்கு வெளிச்சத்த விட தூக்கம் முக்கியம்.

ஓட்டுறதுக்கு எப்படி? 80ல செட் பண்ணா மேடு பள்ளத்துல ரெண்டு மூணு கிலோமீட்டர் முன்ன பின்ன, அதுக்கு மேல ஆடல. பக்கத்து சீட்டுல வர்ற மச்சான்தான் வித்தியாசத்த மொதல்ல சொன்னாரு, தல முன்னாடி பின்னாடி ஆடலயேன்னு. இத கண்டுபிடிச்ச ரால்ஃப் டீட்டர் சின்ன வயசுலயே பார்வ போனவரு, வண்டி ஓட்டுற ஆளு பேசிக்கிட்டே விட்டு விட்டு ஓட்டுறது தாங்காமத்தான் இத யோசிச்சாருன்னு சொல்லுவாங்க, 1950ல பேட்டன்ட் கெடச்சு 1958ல கிரைஸ்லர் இம்பீரியல் கார்ல வந்துச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்து வர்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும்போல.

கை கியர்க்காரங்க, கிளட்ச மிதிச்சதும் குரூஸ கட் பண்ற கிளட்ச் ஸ்விட்ச மறக்காம மாட்டுங்க. நான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், குரூஸ்ல இருக்கும்போது கிளட்ச மிதிச்சதும் இன்ஜின் ஒரு அலறு அலறிச்சு பாருங்க, வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட போகாம மாட்டினேன். மழையில நான் இத தொடறதே இல்ல, டயர் வழுக்குனா அதுக்கு தெரியாது, பாட்டுக்கு இழுக்கும்.

குறைன்னு பாத்தா, பட்டன்ல வெளிச்சம் கெடையாது, ராத்திரில தடவித்தான் கண்டுபிடிக்கணும். செட் பட்டன் மேல ஒரு சொட்டு ஃபெவிகால் வச்சு காய விட்டிருக்கேன், இப்ப வெரலுக்கு தட்டுப்படுது.