கருமருந்துத் தோட்டா நிரப்புதல்: 3 ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

நானே கருமருந்து (புகை கக்கும் பழங்கால வெடிமருந்து) நிரப்பிய தோட்டாக்களை முதல் நாள் சுட்ட இலக்குத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் 4 குண்டுகள் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருக்கும். ஐந்தும் ஆறும் விலகிப் போயிருக்கும். ஒன்பதாவது குண்டு வட்டமான துளையே போடவில்லை, தாளை நீளவாக்கில் கிழித்திருக்கிறது. பறக்கும்போதே புரண்டு பக்கவாட்டில் போய்ப் பட்டிருக்கிறது. நிரப்பிய மருந்தின் அளவில்தான் பிழை என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன். தராசைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன், அரை கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் நிறுக்கிற சிறிய எடை அலகு) கூட்டினேன், அரை கிரெய்ன் குறைத்தேன். சில மாதங்கள் அப்படியே போயின. பிழை மருந்தின் அளவில் இல்லை. அது எரிந்த பிறகு குழலுக்குள் விட்டுப் போகிற கசடில் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எனக்கு வீணான காலம் அவர்களுக்கு மிச்சமாகும்.

என்னிடம் இருப்பது ஷார்ப்ஸ் என்ற பழைய அமெரிக்கத் துப்பாக்கியின் இக்கால நகல். ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான் போடலாம். தோட்டா .45-70, அமெரிக்க ராணுவம் 1873இல் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்காக எடுத்துக்கொண்ட அளவு. பெயரிலேயே விவரம் இருக்கிறது: 45 என்பது அங்குலத்தின் நூறில் 45 பங்கு விட்டம், 70 என்பது 70 கிரெய்ன் கருமருந்து, நம் கணக்கில் நாலரை கிராம். குண்டு தொடக்கத்தில் 405 கிரெய்ன், பிறகு 500 கிரெய்ன் குண்டும் வந்தது. தொடங்குகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். கூடு (மருந்தும் குண்டும் அடங்கும் பித்தளை உறை) நேராக இருக்கும், கழுத்து கிடையாது. கருவிகள் எளிதாகக் கிடைக்கும். செய்கிற பிழைகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

இக்காலத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தில் தோட்டா நிரப்பிப் பழகியவர் முதலில் மறக்க வேண்டியது, கூட்டுக்குள் காலி இடம் இருந்தால் பரவாயில்லை என்ற எண்ணத்தை. கருமருந்தில் காலி இடமே இருக்கக் கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் குழல் வீங்கிப் போகும் ஆபத்து உண்டு. இன்னொன்று, இதைவிட முக்கியம்: கருமருந்து நிரப்புகிற அளவுக்குப் புகையில்லா மருந்தை ஒருபோதும் நிரப்பக் கூடாது. துப்பாக்கி வெடித்துச் சிதறும், சுடுகிறவர் உயிரோடு இருப்பதே சந்தேகம். என் மேசையில் இரண்டு மருந்தும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. ஒன்றைப் பூட்டி வைத்த பிறகுதான் மற்றதைத் திறக்கிறேன்.

இன்றைய பித்தளைக் கூடுகளின் அடிப்பாகம் பழைய கூடுகளைவிடத் தடிமன். அதனால் பெயரில் இருக்கிற 70 கிரெய்னும் சும்மா கொட்டினால் உள்ளே அடங்காது, அழுத்த வேண்டும். இங்கேதான் நான் இரண்டாவது பிழை செய்தேன். குண்டை வைத்தே மருந்தை அழுத்திவிடலாம் என்று பார்த்தேன். ஈயம் மென்மையானது, குண்டின் முனை சப்பையாகி இடுப்பு உப்பிவிட்டது. பாதித் தோட்டாக்கள் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழையவே இல்லை. மருந்தை மட்டும் தனியாக அழுத்துவதற்கென்றே ஒரு டை, அதாவது அச்சுக் கருவி, விற்கிறார்கள். அதை வாங்கிய அன்றே அந்தத் தொல்லை தீர்ந்தது.

நான் வாங்கியதிலேயே அதிகப் பயன் தந்தது எது என்று கேட்டால் நீளமான பித்தளைக் குழாயைத்தான் சொல்வேன். இரண்டடி நீளம், மேலே புனல். மருந்தை அதன் வழியாக மெதுவாக விட்டால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அமரும். ஒரே எடை மருந்து, கரண்டியால் கொட்டினால் கூட்டின் விளிம்பு வரை நிற்கும்; குழாய் வழியாக விட்டால் கண்ணுக்குத் தெரிகிற அளவு கீழே இறங்கியிருக்கும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்துவது என்பது மருந்தைப் பொறுத்தது. சில மருந்துக்கு லேசான அழுத்தம் போதும், சிலது கால் அங்குலம் வரை கேட்கும். 2 எஃப் என்ற துகள் பருமனில் 65 கிரெய்ன் என் துப்பாக்கிக்கு ஒத்துப்போனது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கைநூல் சொல்கிற தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து உங்கள் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

மருந்துக்கு மேலே நார்க்காகித வில்லை ஒன்று, அதற்கு மேல் குண்டு. எரியும் வாயு குண்டின் அடியை உருக்காமல் அந்த வில்லை தடுக்கும். சின்னச் சாமான்தான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். பிரஸ் (டையைப் பொருத்தி இயக்குகிற நெம்புகோல் கருவி), டை இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, எந்தத் தரமான பிரஸ்ஸும் போதும். ஒரே துப்பாக்கியில் சுட்டு விரிந்த கூடுகளை முழுதாகப் பழைய அளவுக்குக் குறைக்கவும் தேவையில்லை. நான் வாயை மட்டும் சரிசெய்து, குண்டைக் கட்டை விரலாலேயே அமர்த்துகிறேன்.

சரி, கசடுக்கு வருவோம். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாக மிஞ்சும். கொஞ்சம் புகையாகப் போகும், மிச்சம் குழலில் படியும். முதல் குண்டு சுட்டதும் அது ஈரப்பதத்தோடு மென்மையாக இருக்கும். காய்ந்த காற்றில் சில நிமிடங்களில் ஓடுபோல இறுகிவிடும். அடுத்த குண்டு அந்த ஓட்டின் மேல் உரசிக்கொண்டு போகிறது. குண்டைச் சுழல வைக்கும் குழலின் வரிப்பள்ளத்தைச் சரியாகப் பற்ற முடியாது, ஈயம் குழலில் ஒட்டும். என் ஒன்பதாவது குண்டு புரண்டது இதனால்தான்.

அன்று நான் போட்டிருந்த குண்டுகள் கடையில் வாங்கியவை. புகையில்லா மருந்துக்கென்று செய்தவை என்பதைக் கவனிக்கவில்லை. உலோகம் கடினம், கிரீஸ் பள்ளம் ஒன்றே ஒன்று, அதில் இறுகிய மெழுகு. கருமருந்துக் குண்டுக்கு ஆழமான பள்ளங்கள் பல வேண்டும், அவை நிறைய மென்மையான கிரீஸ் வேண்டும். தேன்மெழுகோடு தாவர எண்ணெயோ விலங்குக் கொழுப்போ கலந்த கிரீஸ்தான் நல்லது. பெட்ரோலியக் கிரீஸ் கசடோடு சேர்ந்து தார்போல ஆகிவிடும். குழல் வாயின் ஓரத்தில் ஈரமான கிரீஸ் வளையம் ஒன்று படிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வளையம் இருந்தால் குழலின் கடைசி வரை கிரீஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது இல்லாத நாளில் குண்டுகள் சிதறுகின்றன, தவறாமல்.

அதன் பிறகு ஊதுகுழல். காலியான கூட்டில் துளையிட்டு ரப்பர்க் குழாய் சொருகிய சாதனம், அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் துப்பாக்கியின் பின்பக்கப் பூட்டைத் திறந்து, தோட்டா அறையில் அதைப் பொருத்தி, மூன்று நான்கு முறை நிதானமாக மூச்சு விடுவேன். மூச்சின் ஈரம் கசடை இளக்கிவிடும். வறண்ட நாளில் இன்னும் இரண்டு மூச்சு கூடுதலாக வேண்டும். இதைத் தொடங்கிய பிறகு 20 குண்டு வரை துடைக்காமல் சுட முடிகிறது, கடைசிக் குண்டும் முதல் குண்டுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. 1874இல் நியூயார்க்கின் கிரீட்மூர் சுடுதளத்தில் நடந்த போட்டியில் அமெரிக்கர்களும் அயர்லாந்துக்காரர்களும் 1000 கெஜம் வரை சுட்டதும் கருமருந்தில்தான். இந்த மருந்தால் குறி தவறும் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

குண்டை இப்போது நானே வார்க்கிறேன். 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். முதலில் மென்மையான ஈயத் துண்டொன்றைக் குழல் வழியாகத் தள்ளி எடுத்து, வரிப்பள்ளத்தின் விட்டத்தை அளந்துகொண்டேன். அச்சு வாங்கியது அதன் பிறகுதான். ஈயம் 327 டிகிரியில் உருகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் உலை வெடித்துத் தெறிக்கும். காற்றோட்டமான இடம், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். வேலை முடிந்து கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கமே விடுவதில்லை.

மருந்து விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. ஒரு சிறு பொறி போதும் பற்றிக்கொள்ள. அளவி உலோகத்தில், கருமருந்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். மேசையில் அந்த வேளைக்குத் தேவையானதை மட்டும் வைப்பேன், மிச்சம் அதன் சொந்த டப்பாவில் வேறு அறையில் இருக்கும். எவ்வளவு வைத்திருக்கலாம், என்ன உரிமம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். முதல் கருவியை வாங்கும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

சுட்டு முடித்த பின் செய்யும் வேலையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். அன்றைக்கே சுடுநீரில் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசிவிட்டால் குழலுக்கு ஒன்றும் ஆகாது. சுடுதளத்திலேயே பழைய பிரைமர்களை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) தட்டி எடுத்துவிட்டு, கூடுகளை இரண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணீர்ப் புட்டியில் போடுகிறேன். வீடு வந்து சேரும் வரை புட்டி வண்டியில் குலுங்கிக்கொண்டே வரும், பாதி வேலை முடிந்துவிடும். முதலில் வாங்கிய 50 கூடுகளில் 2 தொலைந்தன, 1 வாய் பிளந்தது. மற்ற 47இல்தான் இந்த வாரத்துத் தோட்டாக்களையும் நிரப்பியிருக்கிறேன்.