7 நிமிட நடை: விடுப்பில் வந்த இடத்தில் என் இடுப்பு வலிக்குக் கிடைத்த பாடம்

ஆறு வருடமாக இடுப்பு வலியோடு வாழ்கிறேன். நான் வேலை பார்க்கும் நாட்டில் பிசியோதெரபிக்கு முறை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். முறை வந்தாலும் இருபது நிமிடம், கையில் ஒரு தாள், அவ்வளவுதான். அதனால் இந்த முறை ஐந்து வார விடுப்பில் ஊருக்கு வந்தபோது, மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு வலிக்கென்றே நேரம் ஒதுக்கினேன். என்னைப் போல விடுப்பில் வந்து சிகிச்சை தேடுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் போனது பெரிய இடம். எம்.ஆர்.ஐ படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஜவ்வு பிதுங்கியிருக்கு, இனி குனியவே கூடாது" என்றார்கள். இடுப்புக்கு ஒரு பெல்ட், தினமும் மெஷினால் இடுப்பை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன், சூட்டு ஒத்தடம். நான் படுத்திருப்பேன், மெஷின் ஓடும், மணி அடித்ததும் எழுந்து வருவேன். ஒத்தடம் இதமாகத்தான் இருந்தது. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் இடுப்பு மறுபடி இறுகிவிடும். அதைவிட அந்த "குனியவே கூடாது" என்ற வார்த்தை என்னைப் படுத்தியது. கீழே விழுந்த சாவியை எடுக்கக்கூட அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு வயது 76, இரண்டு முழங்காலும் வலி. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்துக் கொடுத்ததைப் பார்த்த அன்றே அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஒரு யோகா வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் நல்லவர், ஆனால் இருபது பேருக்கு ஒரே வேகம். முன்னால் வளையும்போது முதுகில் கைவைத்து அழுத்தினார். மூன்று நாள் படுக்கை. யோகாவைக் குறை சொல்ல மாட்டேன். வலி உள்ளவரை முதலில் விசாரிக்காமல் எந்த வகுப்பில் சேர்த்தாலும் இதுதான் நடக்கும்.

மூன்றாவதாகப் போன இடம் இரண்டே அறை. ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் மட்டும். முதல் நாள் அவர் என்னைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்: சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறதா, காலில் பலம் குறைகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா? "இதுல ஒண்ணு இருந்தாலும் பயிற்சின்னு பேச்சே கிடையாது, உடனே டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்" என்றார். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொன்னார்.

எழுந்தேன். "இன்னொரு தடவை" என்றார். மறுபடி எழுந்தேன்.

"அம்மா, நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே மூச்சைப் பிடிச்சுடறீங்க. பல்லையும் கடிக்கிறீங்க. இன்னும் வலிக்கவே இல்ல, அதுக்குள்ள உடம்பு சண்டைக்குத் தயாராயிடுச்சு."

ஆறு வருடத்தில் ஒருவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. மூச்சை விட்டுக்கொண்டே எழச் சொன்னார். வலி போய்விடவில்லை. ஆனால் முதுகு முழுவதும் பலகை மாதிரி விறைக்கிற அந்த இறுக்கம் பாதியாகக் குறைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் எம்.ஆர்.ஐ பற்றிக் கேட்டேன். வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்ததாம். இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுக்கம் இருந்திருக்கிறது. பிதுக்கம் இருப்பதாலேயே வலி வந்தாக வேண்டும் என்பதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். அதற்குள் தசையும் ஜவ்வும் பெரும்பாலும் ஆறியிருக்கும், ஆனால் நரம்பும் மூளையும் பழைய எச்சரிக்கையை விடாமல் இருக்கலாம். "ஒரு தடவை திருடன் வந்த வீட்டுல, அப்புறம் பூனை ஓடினாலும் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துடுவாங்க இல்லையா, அந்த மாதிரி" என்றார். வலி பொய் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. பூனையைப் பூனை என்று உடம்புக்குப் புரியவைக்க வேண்டும், அதற்குப் பயமில்லாத சின்னச் சின்ன அசைவுகள் வேண்டும் என்றார்.

அவர் கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரப் பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். இடுப்புக்கு அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். தொப்புள் பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6. மூச்சை விடும்போது இடுப்பின் பாரத்தை 12க்கு உருட்டுவது, இழுக்கும்போது 6க்கு வருவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அசைவதே தெரியாது. ஒரு வாரம் கழித்து 3, 9. என் 9 பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, 3 பக்கம் தட்டித் தட்டிப் போனது. அதைத் திருத்த வேண்டாம், கவனித்தால் போதும் என்றார். இது, மெதுவான சின்ன அசைவுகளைக் கவனித்துச் செய்து உடம்பைப் பழக்கும் பெல்டன்கிரைஸ் முறையைச் சேர்ந்தது. அந்த முறையை உருவாக்கிய மோஷே பெல்டன்கிரைஸ் இயற்பியலும் ஜூடோவும் கற்றவர். தன் முழங்கால் காயத்தோடு போராடித்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று கேட்டபோது எனக்கு அவர் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

அடுத்தது நடை. எவ்வளவு நேரம் நடந்தால் வலி ஏறுகிறது என்று கேட்டார். 10 நிமிடம் என்றேன். "அப்போ 7 நிமிஷம். போன்ல டைமர் வச்சுக்கோங்க. வலி சொல்லி நிறுத்தாதீங்க, மணி அடிச்சு நிறுத்துங்க. இன்னிக்கு நல்லா இருக்குன்னு 20 நிமிஷம் போயிடாதீங்க." இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நல்ல நாளில் எல்லா வேலையையும் செய்து தீர்ப்பதும், அடுத்த மூன்று நாள் சுருண்டு படுப்பதும்தான் இத்தனை வருடமாக என் வழக்கம். மறுநாளைக்குள் வலி பழைய அளவுக்கு இறங்கினால் அளவு சரி, இறங்காவிட்டால் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் ஒரு நிமிடம் கூட்டலாம்.

மூன்றாவது வாரம் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது பிடித்துக்கொண்டது. எல்லாம் போச்சு என்று நினைத்து அவரிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. நடையைப் பாதியாக்கினார், கடிகாரத்தில் 12க்கும் 6க்கும் மட்டும் போகச் சொன்னார். நிறுத்தச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பழைய அளவுக்கு வந்துவிட்டேன். முன்பெல்லாம் இதே பிடிப்பு என்னை மூன்று வாரம் முடக்கிப்போடும்.

இரவில் படுத்தபடி கால் விரல் தொடங்கி உச்சி வரை ஒவ்வோர் இடமாகக் கவனிக்கும் பயிற்சியும் கொடுத்தார். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், மருந்தில் தீராத வலிக்காரர்களுக்காக ஜான் கபட்-ஜின் தொடங்கிய எட்டு வார வகுப்பில் இதுவும் மென்மையான யோகாவும் உண்டு. பாதி நாள் நான் முழங்கால் வரை வருவதற்குள் தூங்கிவிடுவேன். தூக்கம் கெட்டால் வலி ஏறும் என்பதால் அதுவும் லாபம்தான் என்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதில் பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறார்கள். பெல்ட்டும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்கிறார்கள். என் பெல்ட் இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது.

விடுப்பில் போகிறவர்கள் எந்த இடமானாலும் இரண்டு விஷயம் பாருங்கள். முதல் நாளில் உங்களை எழ, உட்கார, நடக்கச் சொல்லிப் பார்க்கிறார்களா? நீங்கள் கிளம்பிய பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தருகிறார்களா? முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், தவறு நேர்ந்தால் திருத்த நாள் இருக்கும். வீடியோவில் தொடர முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி முறை அம்மாவையும் அழைத்துப் போனேன். உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சு விட்டபடி எழச் சொன்னார். முதல் நாள் மூன்று தடவை. இப்போது நான் 14 நிமிடம் நடக்கிறேன். நடந்து முடித்ததும் அம்மாவுக்குப் போன் செய்வேன். நேற்று எட்டு தடவை எழுந்தாராம், கடைசி இரண்டு தடவை கைப்பிடியைத் தொடாமல்.