மூதிக்கு 0.93, மிரட்டலுக்கு 0.04: வசை அளக்கும் செயலியோடு ஒரு கல்வியாண்டு

பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஜூனில் எங்கள் நிர்வாகம் வகுப்புக் குழுக்களுக்காக ஒரு செயலியை ஆண்டுச் சந்தாவில் வாங்கியது. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, விடுப்புக் கடிதம் எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. ஆனால் விற்க வந்தவர் அதிகம் பேசியது இதைப் பற்றி அல்ல. மாணவர் எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் செயலி 0 முதல் 1 வரை ஒரு நச்சு மதிப்பெண் போடும், வரம்பைத் தாண்டினால் அந்தச் செய்தியை மறைத்துவிட்டு வகுப்பாசிரியருக்குத் தகவல் அனுப்பும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இதே போன்ற ஒன்றை வாங்கலாமா என்று நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்து ஆசிரியர்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இங்கே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகளின் பிறவிக் குறைகள்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவனுடைய தங்கையும் தங்கள் வீட்டிலேயே, சாதி வெறியால், உடன் படித்தவர்களால் வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது, மோதிரம் அணியக்கூடாது, நெற்றியில் அடையாளம் வைக்கக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. கையில் கட்டும் கயிற்றை வாசலில் நின்று பார்த்துவிடலாம். இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் ஓடும் சொல்லை யார் பார்ப்பது? எங்கள் தலைமையாசிரியர் இந்தச் செயலியை நாடியது அந்தக் கவலையால்தான். அந்தக் கவலையை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

முதலில் அந்த எண் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கூகுளின் ஜிக்சா பிரிவு 2017இல் வெளியிட்ட பெர்ஸ்பெக்டிவ் என்ற கருவிதான் இந்த வழக்கத்தைப் பரப்பியது. உரையாடலில் இருப்பவரை எழுந்து போகச் செய்யக்கூடிய முரட்டுத்தனமான, மரியாதையற்ற பேச்சையே அது நச்சு என்று வரையறுத்தது. அது தரும் எண் வசையின் கடுமையைச் சொல்வதில்லை. 0.8 என்றால், பத்துப் பேர் படித்தால் ஏறத்தாழ எட்டுப் பேர் இதை நச்சு என்பார்கள் என்ற கணிப்பு, அவ்வளவுதான். எங்கள் செயலியின் விளக்கக் குறிப்பும் இதையே சொல்கிறது. ஆனால் திரையில் அந்த எண்ணைக் காய்ச்சல்மானியைப் போலச் சிவப்பு ஏறும் பட்டையாகக் காட்டுகிறார்கள். ஆசிரியர்கள் 0.9 வாங்கிய பையனை 0.6 வாங்கியவனைவிடக் கெட்டவன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பட்டையை உடனே எடுத்துவிட வேண்டும்.

அந்தப் பத்துப் பேர் யார், எந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர்கள் என்பது அடுத்த கேள்வி. எனக்கு முக்கியமான கேள்வியும் அதுதான்.

பன்னிரண்டாம் வகுப்புக் குழுவில் ஒரு பெண் தன் தோழிக்கு எழுதினாள்: “ஏலே மூதி, நாளைக்கு ரெக்கார்டு நோட்டு இல்லாமல் வந்தால் உன்னைக் கொன்றுவிடுவேன்.” மதிப்பெண் 0.93. செய்தி மறைந்தது, எனக்குத் தகவல் வந்தது, தோழி நோட்டு இல்லாமல் ஆய்வகத்துக்கு வந்தாள். தாமிரபரணிக் கரையில் பிறந்த யாருக்கும் இந்த வாக்கியத்தில் இருக்கும் அக்கறை தெரியும். எங்கள் ஊரில் ஆச்சி பேரனைக் கொஞ்சுவதும் இந்தச் சொற்களால்தான். அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கறுப்பின மக்களின் வழக்கில் எழுதப்பட்ட ட்வீட்டுகள் இத்தகைய மாடல்களால், அதாவது மனிதர் குறியிட்ட உரைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல்களால், இரண்டு மடங்கு வரை கூடுதலாக இழிமொழி என்று குறிக்கப்படுவதைக் காட்டியது. வட்டார வழக்கில் பேசுவதே குற்றப் பட்டியலில் ஏறும் அந்த நிலைதான் எங்கள் பிள்ளைகளுக்கும். நகரத்துத் தமிழில் எழுதும் மாணவர்களுக்கு எப்போதும் பச்சை. முன்னீர்ப்பள்ளம், தருவைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குத்தான் சிவப்பு விழுகிறது.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் குழுவில் கேட்டான்: “டீச்சர், ஆதிதிராவிடர் நல உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்?” செயலி இதற்கு 0.71 போட்டு மறைத்தது. அவன் இரண்டு நாள் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, பின்பு ஆசிரியர் அறைக்கு வந்து தயங்கித் தயங்கி, “நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா டீச்சர்?” என்று கேட்டான். வசைக்கு ஆளாகிற பிள்ளையையே வசை பேசியவனாக நிறுத்திய கருவியை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. இதன் காரணம் வெளிப்படையானது. பயிற்சிக்குக் கொடுத்த உரையில் ஒரு சமூகத்தின் பெயர் பெரும்பாலும் ஏச்சுக்கு நடுவிலேயே வந்திருந்தால், அந்தப் பெயரையே ஏச்சு என்று மாடல் கற்றுக்கொள்கிறது. தன்னைத் தற்பாலின ஈர்ப்பாளர் என்று ஒருவர் அமைதியாகச் சொல்லும் வாக்கியத்துக்கும் உயர்ந்த நச்சு மதிப்பெண் விழுவதை கூகுள் ஆய்வாளர்களே 2018இல் எழுதினார்கள். அந்தக் குறை தெரிந்து இவ்வளவு காலம் ஆன பிறகும் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு விற்கும் கருவியில் சாதிப் பெயர்களை வைத்துச் சோதித்துப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

இனி, பிடிக்காமல் விட்டவை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு ஒரு மாணவனுக்கு வந்த செய்தி இது: “நாளைக்கும் வாய்க்கால் பாலம் வழியாகத்தானே வீட்டுக்குப் போவாய் தம்பி? பத்திரமாகப் போ.” மதிப்பெண் 0.04. இதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. முந்தைய வாரம் கபடி மைதானத்தில் நடந்த தகராறு தெரிந்தவருக்கு இதைப் படித்ததும் வயிறு கலங்கும். அந்தப் பையன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் காரணம் விசாரிக்க வீட்டுக்குப் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது. இதே வகையில் குலப்பெருமை பேசும் வரிகள், ஒரு தலைவரின் பிறந்தநாளைக் குறிக்கும் எண், குறிப்பிட்ட இரண்டு வண்ண இதயக்குறிகள் எல்லாம் தடையில்லாமல் போகின்றன. வசையைச் சொல்லுக்குள் தேடும் கருவிக்கு, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கும் கதை தெரியாது.

வேண்டுமென்றே ஏமாற்றுவதும் கடினமல்ல. வசைச் சொல்லின் நடுவே ஒரு புள்ளி வைத்தாலோ ஓர் எழுத்தைக் கூட்டினாலோ மதிப்பெண் சரிந்துவிடுவதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெர்ஸ்பெக்டிவ் வெளிவந்த அதே 2017இல் காட்டினார்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பு அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரே வசைக்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வரும். அங்கே செயலி இன்னும் தடுமாறுகிறது.

இந்தத் தடுமாற்றத்துக்குத் தரவுதான் காரணம். ஆங்கிலத்தில் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டது விக்கிப்பீடியா பேச்சுப் பக்கங்களிலிருந்து எடுத்த சுமார் 1,60,000 குறிப்புகள். அவற்றை மனிதர்கள் படித்து நச்சு, கடும் நச்சு, ஆபாசம், மிரட்டல், அவமதிப்பு, அடையாள வெறுப்பு என்று ஆறு வகைகளில் குறியிட்டார்கள். தமிழுக்கு அத்தனை பெரியதும் பலதரப்பட்டதுமான தொகுப்பு இல்லை. திராவிட மொழிகளுக்காக 2021இல் நடந்த ஆய்வுப் போட்டிக்குத் தொகுத்தவை யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களுக்குக் கீழே எழுதப்பட்ட, தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகள். தொகுத்தவர்களின் உழைப்பு பெரியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரசிகர் சண்டையில் கற்ற மாடலை அப்படியே கொண்டுவந்து எங்கள் வகுப்பறையில் உட்கார வைத்தால் இதுதான் நடக்கும்.

விற்பனையாளர் சொன்ன “95 விழுக்காடு சரியாக இருக்கும் மேடம்” என்ற வாக்குறுதியையும் பார்த்துவிடலாம். எங்கள் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செய்திகள் பாடமும் வாழ்த்தும்தான். எதையுமே படிக்காமல் எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லும் கருவியும் அந்த 95ஐ வாங்கிவிடும். கேட்க வேண்டியவை வேறு. வசை என்று செயலி குறித்தவற்றில் எத்தனை உண்மையான வசை? உண்மையான வசையில் எத்தனையை அது பிடித்தது? இந்த இரண்டு எண்களையும் எழுத்தில் கேட்டேன். பல முறை நினைவூட்டிய பிறகு ஆங்கிலச் செய்திகளுக்கு மட்டும் அனுப்பினார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் வரும் அப்பட்டமான ஆபாசத்தைச் செயலி நன்றாகவே பிடிக்கிறது. ஒரு மாணவியைக் குறிவைத்து வந்த அசிங்கமான வரிகளை மற்றவர்கள் படிப்பதற்குள் மறைத்து, அந்த இரவே வகுப்பாசிரியரை எழுப்பியது. அந்த ஒரு வேலைக்காகவே இதற்குக் கொடுத்த பணம் வீணில்லை என்று நினைக்கிறேன். இன்னொரு வசதியை விற்றவர்களே பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு குழுவின் நச்சு மதிப்பெண்ணின் வாராந்தர சராசரியை அது கோடாக வரைகிறது. தனிச் செய்தியில் தவறுகிற கருவி இந்தக் கோட்டில் அவ்வளவு தவறுவதில்லை. கோடு திடீரென்று ஏறிய வாரங்களில் விசாரித்தால், பஸ்ஸிலோ மைதானத்திலோ ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

ஜனவரியில் தானாக மறைக்கும் வசதியை, ஆபாசத்துக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு அணைத்தோம். எங்கள் குழுச் செய்திகளில் ஒரு பகுதியைப் பெயர்களை நீக்கிவிட்டு ஆசிரியர்கள் நாங்களே குறியிட்டோம். வெவ்வேறு ஊர், வெவ்வேறு சமூகப் பின்னணி உள்ளவர்களாக மூவர் மூவராக அமர்ந்தோம். குலப்பெருமை வரிகளில் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஓர் ஆசிரியருக்கு வெறும் பாட்டு வரியாகத் தெரிந்தது, பக்கத்தில் இருந்தவருக்குத் தன் தெருவில் கல் விழுந்த நாளை நினைவுபடுத்தியது. அந்தக் கருத்து வேறுபாட்டைப் பெரும்பான்மை வாக்கால் அழிக்காமல் அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பினோம். அவர்களின் தொழில்நுட்பக் குழுவில் இருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார். வட்டாரச் சொற்கள் சரியாகின, சமூகப் பெயர்கள் பாதி சரியாகின. மறைமுக மிரட்டல் இன்னும் அப்படியே இருக்கிறது.

பெற்றோரின் ஒப்புதலை மறக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் சம்மதத்தை வேண்டுகிறது. நாங்கள் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். ஆசிரியரின் கண்ணை ஓரிடத்துக்குத் திருப்பும் கருவியாக வாங்குங்கள். மதிப்பெண்ணை வைத்து எந்தப் பிள்ளையின் மீதும் நடவடிக்கை எடுக்காதீர்கள், மாற்றுச் சான்றிதழில் அதன் நிழல்கூட விழக்கூடாது. வரும் ஜூனில் நாங்கள் மூன்று நிபந்தனைகளோடு சந்தாவைப் புதுப்பிப்பதாக இருக்கிறோம். தமிழுக்கான அந்த இரண்டு எண்களும் எழுத்தில் வர வேண்டும். சிவப்புப் பட்டை நீங்க வேண்டும். செய்தி மறைக்கப்பட்டால் எழுதிய மாணவனுக்கும் அது தெரிய வேண்டும், மறு ஆய்வு கேட்க ஒரு பொத்தானும் இருக்க வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் நிறுவனம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அது இல்லாமல் காசோலையில் கையெழுத்திட வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.