முழுத் தனியார் சிறையா, பாதித் தனியார் சிறையா?

சிறைகளை நடத்தத் தனியாரை எந்த அளவுக்கு விடலாம் என்று ஒரு பரிந்துரைக் குறிப்பு எழுத வேண்டியிருந்தபோது, என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிரிட்டன் 1992இல் வோல்ட்ஸ் சிறையில் தொடங்கியது: காவலர் முதல் இயக்குநர் வரை நிறுவனத்தின் ஊழியர்களே, அரசின் சார்பில் மேற்பார்வை மட்டும் உண்டு. மற்றது, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிரான்ஸ் எடுத்தது: உணவு, சலவை, பராமரிப்பு போன்றவை நிறுவனத்திடம், காவலும் நிர்வாகமும் அரசிடம். நான் பிரெஞ்சு வழியையே பரிந்துரைத்தேன்.

செலவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சிறைச் செலவில் பெரும்பங்கு சம்பளம் என்பதால், ஆள் எண்ணிக்கையிலோ ஊதியத்திலோ கைவைக்காமல் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: ஏற்பாடு கெட்டால் சிறையை யார், எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது? 2011இல் ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட, பிரிட்டனின் பர்மிங்காம் சிறையில் 2016 டிசம்பரில் பெருங்கலவரம் வெடித்தது. 2018 ஆகஸ்டில் அரசு தன் அதிகாரியையும் கூடுதல் காவலர்களையும் அனுப்பிப் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டு சிறை முழுமையாக அரசிடம் திரும்பியது. மற்றச் சிறைகளில் பெரும்பாலானவை அரசிடமே இருந்ததால்தான் அனுப்ப ஆள் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறை நடத்தும் கைப்பழக்கத்தையே இழந்துவிட்ட அரசுக்கு, ஒப்பந்தத்தில் உள்ள மீட்பு உரிமை வெறும் எழுத்துதான். பிரெஞ்சு ஏற்பாட்டிலோ, சமையல் நிறுவனம் சரியில்லையென்றால் புதிய டெண்டர் விட்டால் போதும். சாவி கைமாறுவதே இல்லை. (இலாப நோக்குள்ள நிறுவனம் கைதியை அடைத்துவைப்பது மனித கண்ணியத்துக்கு முரண் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2009இல் தனியார் சிறைச் சட்டத்தையே செல்லாததாக்கியது, என் வாதம் அந்த உயரத்துக்குப் போகவில்லை.)

முழுத் தனியார் வழிக்கும் ஒரு நல்ல வாதம் உண்டு. நியூசிலாந்தில் 2015இல் திறந்த ஆக்லாந்து தெற்குச் சிறையின் ஒப்பந்தம், விடுதலையானவர்கள் மீண்டும் குற்றம் செய்வது குறைந்தால் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை தருகிறது. இப்படி ஒரு நெருக்குதல் அரசுச் சிறைக்கு அரிதாகவே இருக்கிறது. நான் படித்தவையும் ஒப்பந்தங்களும் அறிக்கைகளும்தாமே தவிர, அறைக்குள் நாட்களைக் கழித்த அனுபவம் அல்ல. கைதியின் கண்ணுக்கு இந்த வரிசை மாறித் தெரியலாம்.

பிரெஞ்சு வழியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சில சிறைகளைக் கட்டித் தருவதையும் நீண்டகால ஒப்பந்தமாக்கியதால், அரசு பல பத்தாண்டுகளுக்கு வாடகை செலுத்தக் கட்டுப்பட்டுவிட்டது. இம்முறையைக் கைவிடும்படி அந்நாட்டுத் தணிக்கை மன்றம் 2017இல் கூறியது. ஆகவே என் குறிப்பில் கட்டுமானத்தைத் தனியே பிரித்து, கட்டி முடித்ததும் கட்டடம் அரசின் சொத்தாகிவிட வேண்டும், சேவை ஒப்பந்தங்கள் சில ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று எழுதினேன்.