டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் வரலாறு: லெஜண்ட்ஸ் மோடா, லெஜண்ட்ஸ் வியூவரா?

2006-இல் முதலில் வெளிவந்த டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டு, நாம் முதல் கல்லை வெட்டும் முன்பே ஓர் உலகத்தையும் அதன் பழங்கதையையும் உருவாக்கி வைத்துவிடும். அதைப் படிக்க விளையாட்டிலேயே லெஜண்ட்ஸ் மோடு இருக்கிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். மிகச் சிறிய 17×17 கட்ட உலகம், கொஞ்ச வருட வரலாறு என்றால் இதுவே தாராளம்.

257×257 உலகத்தில் கதை வேறு. ஆயிரக்கணக்கான பெயர்களில் ஆளைத் தேடியே அலுத்துவிடும். அங்கேதான் ரசிகர்கள் எழுதிய தனி மென்பொருளான லெஜண்ட்ஸ் வியூவர் கைகொடுக்கிறது. ஒரு டிராகனின் பக்கத்தைத் திறந்தால் அது கொன்றவர்களின் பட்டியல். அதில் ஒருவரைச் சொடுக்கினால் அவர் குடும்பம், அப்புறம் அவர் ஊர், அந்த ஊர் வரைபடத்தில் எங்கே, எந்தப் போரில் விழுந்தது என்று போய்க்கொண்டே இருக்கலாம். விளையாடவே மறந்துபோகும்!

தொல்லையும் உண்டு. முதலில் லெஜண்ட்ஸ் மோடிலிருந்து உலக வரலாற்றை எக்ஸ்எம்எல் என்ற உரைவடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்யவேண்டும். பெரிய உலகமென்றால் அந்தக் கோப்பும் பூதம்தான். டிஎஃப்ஹேக் என்ற துணைக்கருவி வழியாக எடுத்தால் கூடுதல் விவரங்கள் கிடைக்கும். என் ஓட்டு வியூவருக்கே. அந்த உலகில் நீங்கள் ஆடும் கோட்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும், சேமித்த கோப்புறையை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.